சுவர் யாருடையது? பெண்களின் வலைப்பதிவும் படங்களின் இருப்பிடமும்

பெண் எழுத்தின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் முதலில் எதிர்கொள்வது வெற்றிடத்தைத்தான். கல்யாணமாகிப் போன வீட்டுக்கு எடுத்துச் செல்லப்படாத நோட்டுப் புத்தகம், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போன காகிதக் கட்டு, பெயர் போடாமல் அச்சான கவிதை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. இணையம் வந்தபோது இனி எதுவும் அப்படித் தொலையாது என்று பலரும் நம்பினோம். அந்த நாட்களில் பெண்கள் எழுதிய பக்கங்களை இன்று திறந்து பாருங்கள். சிலவற்றில் எழுத்து இருக்கும், படம் இருந்த இடத்தில் உடைந்த சதுரம் ஒன்று தெரியும். சிலவற்றில் பக்கமே இருக்காது.

எந்தத் தளத்தில் எழுதுவது, படங்களை எங்கே ஏற்றி வைப்பது என்பதெல்லாம் கணினி தெரிந்த யாரையாவது கேட்டு ஐந்து நிமிடத்தில் முடிவு செய்கிற விஷயமாகவே நமக்கு இருந்து வந்திருக்கிறது. தம்பியோ கணவரோ அலுவலக நண்பரோ கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு எழுதுவதுதான் நம் வேலை. ஆனால் பெண்கள் எழுதியவற்றில் எது மிஞ்சியது, எது அழிந்தது என்பதை அந்த ஐந்து நிமிட முடிவு பெருமளவு தீர்மானித்திருக்கிறது. 1999இலிருந்து நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் இரண்டு சேவைகள் பிறந்தன. ஏப்ரலில் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற மாணவர் லைவ்ஜர்னலைத் தொடங்கினார். ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பைரா லேப்ஸ் பிளாகரை வெளியிட்டது. பைராவை நிறுவியவர்கள் இருவர்: எவன் வில்லியம்ஸ், மெக் ஹூரிஹன். பிளாகரின் கதை சொல்லப்படும்போது பெரும்பாலும் முதல் பெயர்தான் நினைவுகூரப்படுகிறது. இரண்டாவது பெயர் ஒரு பெண்ணுடையது.

இரண்டு சேவைகளும் இரண்டு விதமான வீடுகள். பிளாகர் தொடக்கத்தில் ஒரு கருவி. அதில் எழுதினால், நாம் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் சர்வருக்கு அந்தப் பக்கத்தை அது அனுப்பிவைக்கும். சர்வர் இல்லாதவர்களுக்கு பிளாக்ஸ்பாட் என்ற இலவச இடம் பிறகு வந்தது. எழுதியதை உலகமே படிக்கலாம். லைவ்ஜர்னலோ கதவுகள் உள்ள வீடு. ஒரு பதிவை எல்லோருக்கும் காட்டலாம், தோழிகளுக்கு மட்டும் காட்டலாம், அவர்களிலும் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் காட்டலாம். வீட்டுக்குள் நடக்கும் அடி உதை, கருக்கலைப்பு, மனச்சோர்வு, இன்னொரு பெண்ணின் மீதான காதல் என்று தெருவில் நின்று சொல்ல முடியாதவற்றை எழுத இந்தக் கதவுகள் தேவைப்பட்டன. பாலினத்தைக் குறிப்பிட்ட பயனர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்று லைவ்ஜர்னலின் புள்ளிவிவரப் பக்கமே காட்டியது.

ஆனாலும் பத்திரிகைகள் 'வலைப்பதிவர்' என்று எழுதியபோது கண்முன் நிறுத்தியது அரசியல் பேசும் வயதுவந்த ஆணைத்தான். 2004இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் சூசன் ஹெர்ரிங்கும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். பெண்களும் பதின்வயதினரும் ஆண்களுக்குக் குறையாத அளவில் எழுதிக்கொண்டிருக்க, ஊடகமும் ஆய்வுலகமும் ஆண்கள் அதிகம் எழுதும் ஒரு வகையை மட்டுமே 'வலைப்பதிவு' என்று வரையறுத்தன என்பது அவர்கள் வாதம். பெண்கள் எழுதியதற்கு 'நாட்குறிப்பு' என்ற பெயர் போதும் என்று விடப்பட்டது. நாட்குறிப்பை யாரும் ஆவணமாகப் பாதுகாப்பதில்லை. அச்சு வரலாற்றில் நாம் பார்த்த அதே தரம்பிரிப்புதான் இது.

இனி படங்களுக்கு வருவோம். வலைப்பக்கத்தில் நாம் பார்க்கும் படம் அந்தப் பக்கத்துக்குள் இருப்பதில்லை. பக்கத்தில் இருப்பது படத்தின் முகவரி மட்டும். படம் வேறொரு நிறுவனத்தின், வேறொரு நாட்டின் சர்வரில் இருக்கலாம். நாம் பக்கத்தைத் திறக்கும் கணத்தில் அங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் சேமிப்பிடமும் தரவைக் கொண்டுவரும் செலவும் அதிகம். அதனால் இலவசத் தளங்கள் எழுத்துக்கு இடம் கொடுத்தன, படத்துக்குக் கொடுக்கத் தயங்கின. பிளாகர் நேரடியாகப் படம் ஏற்றும் வசதியைத் தந்தது 2005இல்தான். அதுவரை படத்துக்குத் தனியாக இடம் தேட வேண்டும்.

அந்தத் தேவைக்காக வந்தவை 2003இல் ஃபோட்டோபக்கெட், 2004இல் ஃபிளிக்கர். ஃபிளிக்கரை கனடாவின் வான்கூவரில் கேட்டரீனா ஃபேக்கும் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் தொடங்கினார்கள். ஓர் இணைய விளையாட்டை உருவாக்கப் போய், அது கைகூடாமல், அதற்காகச் செய்த வேலையிலிருந்து பிறந்தது அது. அடுத்த ஆண்டே யாஹூ அதை வாங்கிவிட்டது. ஃபோட்டோபக்கெட்டில் படத்தை ஏற்றினால் ஒரு முகவரி கிடைக்கும். அதை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் ஒட்டலாம். தையல் பழகுகிறவர்கள், சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள், குழந்தை வளர்ப்பைப் பதிவு செய்கிறவர்கள் என்று படிப்படியாகப் படம் காட்ட வேண்டியவர்களுக்கு இது பெரிய வரம். எழுத்து ஒரு வீட்டில், படம் இன்னொரு வீட்டில், இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று அப்போது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

பெண் ஒருவர் உரிமையாளரானால் நிலைமை மாறிவிடும் என்று எண்ணத் தோன்றும். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. மீனா டிராட் என்ற இளம்பெண் தன் சொந்த வலைப்பதிவை நடத்திவந்தவர். அவரும் அவர் கணவர் பென் டிராட்டும் 2001இல் மூவபிள் டைப் என்ற மென்பொருளை வெளியிட்டு, சிக்ஸ் அபார்ட் நிறுவனத்தை உருவாக்கினார்கள். 2003இல் அவர்களுடைய டைப்பேட் கட்டணச் சேவையாக வந்தது. 2004இல் மூவபிள் டைப்பின் புதிய பதிப்புக்குக் கட்டண நிபந்தனைகள் கடுமையானபோது பலர் வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம், முந்தைய ஆண்டு பிறந்திருந்த கட்டற்ற மென்பொருளான வேர்ட்பிரஸ். 2005 ஜனவரியில் சிக்ஸ் அபார்ட் லைவ்ஜர்னலையும் வாங்கியது. ஆக, பெண்கள் மிகுதியாக எழுதிய தளம், ஒரு பெண் இணைந்து நிறுவிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதன் கீழ்தான் அடுத்த இரண்டு மோதல்களும் நடந்தன.

முதல் மோதல் ஒரு படத்தைப் பற்றியது. லைவ்ஜர்னலில் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு அருகே விரல்நகம் அளவுக்கு ஒரு சிறு படம் வைத்துக்கொள்ளலாம். சில தாய்மார்கள் குழந்தைக்குப் பால் கொடுக்கும் படத்தை வைத்திருந்தார்கள். 2006இல், முலைக்காம்போ அதைச் சுற்றிய பகுதியோ தெரிகிற படத்தை முதன்மைப் படமாக வைக்கக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியது, தங்கள் பக்கங்களைத் தற்காலிகமாக அழித்து எதிர்ப்புக் காட்டியவர்களும் உண்டு. பால் கொடுக்கும் மார்பையும் ஆபாசத்தையும் ஒரே விதிக்குள் அடைக்கும் பார்வை அங்கேயே நின்றுவிடவில்லை. 2008இல் ஃபேஸ்புக்கிலும் இதே சண்டை நடந்தது. ஒரு தளம் பெண்களோடு முதலில் மோதுவது பெரும்பாலும் எழுத்தில் அல்ல, உடல் தெரியும் படத்தில்.

இரண்டாவது மோதல் 2007 மே மாத இறுதியில். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை எதிர்ப்பதாகச் சொன்ன ஒரு குழுவின் நெருக்குதலால், ஏறத்தாழ 500 பக்கங்களை லைவ்ஜர்னல் ஓரிரு நாளில் முடக்கியது. பயனர்கள் தங்கள் 'ஆர்வங்கள்' பட்டியலில் என்ன சொல் எழுதியிருந்தார்கள் என்பதே முக்கிய அளவுகோலாக இருந்தது. அந்தச் சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதனால் பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் பக்கங்களும், நபகோவின் 'லோலிடா' நாவலைப் பற்றி ஸ்பானிய மொழியில் உரையாடிய ஒரு குழுவும்கூட முடங்கின. முடக்கப்பட்ட பெயர்களின் மீது கோடு கிழிக்கப்பட்டிருந்ததால், பயனர்கள் அதை 'அடித்தல்' என்று பொருள்படும் 'ஸ்ட்ரைக்த்ரூ' என்றே அழைத்தார்கள். நிர்வாகத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பல பக்கங்கள் திரும்ப வந்தன. ஆனால் பாதிக்கப்பட்டவள் தன் காயத்துக்கு வைத்த பெயரும் குற்றவாளி தேடும் சொல்லும் ஒன்றாகவே எண்ணப்படும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இந்த முடக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு, லைவ்ஜர்னலிலேயே ஒரு பதிவு வந்திருந்தது. நாவல், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் புனைகதைகள் அங்கே பெருமளவில் எழுதப்பட்டன. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கதைகளை வைத்து லாபம் பார்க்க ஒரு நிறுவனம் கிளம்பியிருந்தது. நமக்கான காப்பகத்தை நாமே கட்டிக்கொள்வோம் என்று அந்தப் பதிவு அழைத்தது. அதை எழுதியவர் பின்னர் நாவலாசிரியர் நவோமி நோவிக் என்று அறியப்பட்டார். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட 'தனக்கென ஓர் அறை' நூலின் தலைப்பை அடியொற்றி, 'தனக்கென ஒரு காப்பகம்' என்று பொருள்படும் தலைப்பை அவர் வைத்திருந்தார்.

அந்த அழைப்பு அமைப்பாக மாறியது. லாப நோக்கமற்ற அமைப்பொன்று அதே ஆண்டில் உருவானது. பெண்கள் பலர் நிரல் எழுதுவதை அதற்காகவே கற்றார்கள். நன்கொடையில் சொந்தமாக சர்வர்கள் வாங்கினார்கள். 2009 நவம்பரில் 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' பொதுமக்களுக்குத் திறந்தது. 2019இல் ஏறத்தாழ 50 லட்சம் படைப்புகளோடு அது அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருதைப் பெற்றது. வுல்ஃப் ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானத்தையும் பூட்டுள்ள அறையையும் பற்றிப் பேசினார். இவர்கள் சர்வர் கட்டணத்தையும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் பற்றிப் பேசினார்கள். பொருள் ஒன்றுதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே வை.மு. கோதைநாயகி அம்மாள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1925இல் அவர் 'ஜகன்மோகினி' இதழைத் தன் பொறுப்பில் எடுத்தார். தன் நாவல்களைத் தானே வெளியிட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். எழுதுகிறவளே வெளியிடும் இடத்துக்கும் உரியவளாக இருந்ததால்தான் அவ்வளவு எழுத முடிந்தது.

லைவ்ஜர்னலில் பணியாற்றிய டெனிஸ் பவோலூச்சியும் மார்க் ஸ்மித்தும் 2009 ஏப்ரலில் டிரீம்விட்த் தளத்தைத் திறந்தார்கள். லைவ்ஜர்னலின் திறந்த நிரலை எடுத்து, விளம்பரம் இல்லாமல், பயனர் கட்டணத்தில் நடக்கும் தளமாக அதை அமைத்தார்கள். பழைய வீட்டிலிருந்த பதிவுகளையும் அவற்றின் கீழ் வந்த மறுமொழிகளையும் சேர்த்தே கொண்டுவரும் வசதி அதில் இருந்தது. அந்த ஏற்பாட்டின் அருமை பின்னால் தெரிந்தது. லைவ்ஜர்னல் 2007 டிசம்பரிலேயே ரஷ்ய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டிருந்தது. 2016 இறுதியில் அதன் சர்வர்கள் ரஷ்யாவுக்குப் போயின. 2017 ஏப்ரலில் வந்த புதிய விதிமுறை, பயனர்கள் ரஷ்யச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்றது. தன்பாலின உறவைப் பற்றிய பேச்சைத் தண்டிக்கும் சட்டம் இருக்கும் நாடு அது. தோழிகளுக்கு மட்டும் என்று பூட்டி வைத்த பதிவின் சாவி, எழுதியவர்கள் கனவிலும் நினைக்காத ஓர் அரசின் எல்லைக்குள் போய்விட்டது.

பெண்கள் கட்டிய காப்பகத்திலும் ஒரு குறை உண்டு. 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' படங்களைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஓவியம் வரைகிற பெண் அதை வேறெங்காவது ஏற்றி, முகவரியை மட்டும் இங்கே ஒட்ட வேண்டும். சேமிப்புச் செலவும் சட்டச் சிக்கலும் படத்துக்கு அதிகம். எழுத்துக்குச் சொந்த வீடு கிடைத்த பிறகும் படம் வாடகை வீட்டில்தான் இருக்கிறது.

வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார் என்பது 2017இல் தெரிந்தது. ஃபோட்டோபக்கெட் அந்த ஆண்டின் நடுவில் தன் விதிகளை மாற்றியது. அங்கிருக்கும் படங்களை வேறு தளங்களில் காட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 400 டாலர் கட்டு என்றது. கட்டாதவர்களின் படங்கள் இருந்த இடங்களில், கணக்கை மேம்படுத்தச் சொல்லும் ஓர் அறிவிப்புப் படம் வந்து உட்கார்ந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த கைவினைப் பாடங்கள் ஒரே வாரத்தில் படமில்லாத வெற்று வாக்கியங்களாயின. 'படத்தில் காட்டியபடி மடிக்கவும்' என்ற வரி இருக்கிறது, படம் இல்லை. அடுத்த ஆண்டு ஃபோட்டோபக்கெட் கட்டணத்தைக் குறைத்தது. ஆனால் எழுதியவர்களில் பலர் அதற்குள் வேறு வாழ்க்கைக்குப் போயிருந்தார்கள். திருத்துவதற்கு ஆளில்லை.

2018இல் இரண்டு நிகழ்ச்சிகள். 2013இல் ஒரு டெராபைட் இலவசம் என்று கொடுத்த ஃபிளிக்கர், புதிய உரிமையாளரிடம் வந்த பிறகு, இலவசக் கணக்குக்கு 1000 படங்கள் மட்டும் என்று அறிவித்தது. டம்ப்ளர் அந்த டிசம்பர் 17 முதல் 'வயதுவந்தோருக்கான' படங்களைத் தடைசெய்தது. அதன் விதியில் 'பெண்ணாகத் தோற்றமளிக்கும் முலைக்காம்பு' என்ற பொருளில் ஒரு சொற்றொடர் இருந்தது. பால் கொடுக்கும் படத்துக்கும் கலைப்படைப்புக்கும் விலக்கு உண்டு என்று எழுதியிருந்தாலும், படத்தைப் பார்த்து முடிவு செய்தது எந்திரம். விலக்கு பெற வேண்டிய படங்களும் சிக்கின. 2006இல் விரல்நகம் அளவு படத்தில் தொடங்கிய விதி, பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு முழுத் தளத்தின் சட்டமானது.

இலவசத் தளமே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். ரிவர்பெண்ட் என்ற புனைபெயரில் எழுதிய ஈராக்கிய இளம்பெண்ணைப் பாருங்கள். 2003 ஆகஸ்டில், அமெரிக்கப் படை பிடித்து வைத்திருந்த பாக்தாதிலிருந்து, அமெரிக்க நிறுவனமான கூகுள் அதே ஆண்டு வாங்கியிருந்த பிளாகரில் அவர் எழுதத் தொடங்கினார். பணம் கட்ட வேண்டியதில்லை, பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான் அவரால் எழுத முடிந்தது. மின்சாரம் வந்துபோகும் ஊரில் அவர் நம்பியிருந்தது எழுத்தை மட்டுமே. அந்தப் பதிவுகளை 2005இல் நியூயார்க்கின் ஃபெமினிஸ்ட் பிரஸ் புத்தகமாக்கியது. வலைப்பதிவு ஒருவேளை அழிந்தாலும் நூலகத்தில் அது இருக்கும். எந்த ஆபத்து நமக்குப் பெரியது, அடையாளம் தெரிந்துவிடுவதா, எழுத்து அழிந்துபோவதா என்று ஒவ்வொரு பெண்ணும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அவர் தன் கணக்கைச் சரியாகப் போட்டார்.

நம் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2003 முதல் தமிழில் எழுதவந்த பெண்களில் பலருக்கும் வாய்த்த இடம் பிளாக்ஸ்பாட்தான். 2012இல் கூகுள் இந்திய வாசகர்களை அந்தத் தளங்களின் '.இன்' என்று முடியும் முகவரிக்குத் திருப்பிவிட்டது. இந்தியாவிலிருந்து ஒரு பதிவைப் பகிர்ந்தால் அந்த இந்திய முகவரியே பகிரப்பட்டது. 2020இல் அந்தப் பெயர் கூகுளின் கைவிட்டுப் போனது. மூல முகவரியில் பதிவுகள் அப்படியே இருந்தன. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டுரைகளிலும் கடிதங்களிலும் ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளிலும் தரப்பட்ட இந்திய முகவரிகள் எங்கும் போய்ச் சேராதவையாயின. ஒரு பெண்ணின் எழுத்தை மேற்கோள் காட்டிய இடத்திலிருந்து அவள் எழுத்துக்குப் போகும் வழி மறைந்தது.

கட்டணம் கட்டினாலும் உறுதி இல்லை. மீனா டிராட் தொடங்கிய டைப்பேட், பல கைகள் மாறி, 2025 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. ஆக, இலவசமா கட்டணமா, உரிமையாளர் ஆணா பெண்ணா என்பதையெல்லாம் தாண்டி, தேர்வு செய்யும் முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்.

முகவரி யாருடையது? பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் எழுதினாலும் சொந்த டொமைன் பெயரை இணைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயருக்கு மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாகலாம். நாளை தளம் மாறினாலும் முகவரி மாறாது. ஆனால் அந்தப் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது, ஓடிபி யாருடைய கைபேசிக்கு வருகிறது என்று பாருங்கள். பட்டா யார் பெயரில் என்று கேட்கப் பழகிய நாம் இதையும் கேட்கலாம். மணமுறிவுக்குப் பின் தன் கவிதைகளுக்குள் நுழைய முடியாமல் ஒரு பெண் நிற்க வேண்டியதில்லை.

எடுத்துக்கொண்டு போக முடியுமா? வேர்ட்பிரஸிலும் பிளாகரிலும் பதிவுகளையும் மறுமொழிகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பில் படங்கள் இருக்காது, படங்களின் முகவரிகளே இருக்கும். படங்களைத் தனியாக இறக்க வேண்டும். இதை அறியாமல் 'பேக்கப் எடுத்துவிட்டேன்' என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். மூலப் படங்களைப் பதிவின் தேதியும் தலைப்பும் பெயராக இட்டு, வீட்டில் ஒரு வன்தட்டில் வையுங்கள். முடிந்தவரை படத்தை எழுத்து இருக்கும் இடத்திலேயே ஏற்றுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். படம் போனாலும் அது இருக்கும்.

படம் நம்மைக் காட்டிக்கொடுக்குமா? கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவும் நேரமும் பதிந்திருக்கலாம். சில சேவைகள் அதை நீக்குகின்றன, சில அப்படியே வைத்திருக்கின்றன. புனைபெயரில் எழுதுகிறவள், அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்தவள், சாதி கடந்து மணந்தவள் ஆகியோருக்கு இது உயிர் சம்பந்தப்பட்டது. படம் எடுக்கும் முன்பே கைபேசியின் அமைப்பில் இடத்தகவலை அணைத்துவிடுங்கள்; ஏற்கெனவே எடுத்த படத்தில் அது பதிந்திருந்தால், ஏற்றும் முன் நீக்கிவிடுங்கள்.

பெண் உடலைப் பற்றி விதி என்ன சொல்கிறது? மாதவிடாய், பிரசவம், மார்பகப் புற்றுநோய், நிர்வாண ஓவியம் பற்றி எழுதப் போகிறவர்கள் அந்தப் பகுதியைத் தொடங்கும் முன்பே படித்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று பாக்கி. முக்கியமான பதிவின் முகவரியை இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் நீங்களே கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம். வெளியிடத்தில் உள்ள படங்களை அது எப்போதும் பிடித்துவைப்பதில்லை; சேமித்த பிறகு ஒருமுறை திறந்து சரிபாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு ஒழிக்கும் நாட்களில், பதிவுகளையும் படங்களையும் இறக்கி, நம்பிக்கையான தோழி ஒருத்தியிடம் ஒரு படி கொடுத்துவையுங்கள். பிடித்தவற்றை அச்செடுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து நம் காலத்துப் பெண்கள் என்ன எழுதினார்கள், என்ன படம் பிடித்தார்கள் என்று தேடிவரும் மாணவிக்கு அந்தக் கட்டு கையில் கிடைக்க வேண்டும்.